டேப்பட் கவரும் பன்னிரண்டு செவ்வாய்க்கிழமைகளும்

6-8-64, வியாழன்

ஆடிக் காற்று. கொடியில் போட்ட துணி முழுக்க மன்னார்புரத்து மண். மறுபடி அலசிப் போட்டேன்.

செய்ய வேண்டியவை: எதிர் வீட்டு ரவிக்கை இரண்டு (கை வைக்க வேண்டும்). மண்ணெண்ணெய். பாதி அரைத்த மாவு அப்படியே கிடக்கிறது. அவருக்கு மாவுக்கட்டுக்குள் அரிப்பு, பின்னல் ஊசி கேட்கிறார். கொடுக்கக் கூடாது.

கட்டுப் போட்டு இன்றோடு மூன்று வாரம். முன்னால் ஹேண்டில் போட்டுச் சுற்றி வண்டியைக் கிளப்பும்போது அது எதிர்த்து அடித்து வலது மணிக்கட்டு முறிந்தது. இன்னும் மூன்று வாரம் என்கிறார் டாக்டர். அதுவரை டாக்ஸி வாசலில் சும்மா நிற்கும். சோற்றை நான்தான் பிசைந்து ஊட்டுகிறேன். முதல் நாள் இரண்டு பேருக்கும் சிரிப்பு தாங்கவில்லை. வீட்டில் நாங்கள் இருவர் மட்டும்தானே, வெட்கப்பட யார்?

பி.ப. தங்கராசு வந்தான். சத்திரம் ஸ்டாண்டில் இவரோடு வண்டி போடுகிறவன். அவன் ஓட்டிய வண்டியை முதலாளி விற்றுவிட்டார். இவர் கை சரியாகும்வரை நம் வண்டியை ஓட்டித் தருகிறேன் என்கிறான். ஒரே ஒரு குறை.

"எஞ்சின் மேல மூடியிருக்கிற டேப்பட் கவர் ஓரமா ஆயில் கசியுது அண்ணி. சூடான குழாய் மேல சொட்டிப் புகை வருது. சவாரிக்காரங்க பயந்துருவாங்க. கவருக்கு அடியில இருக்கிற பேக்கிங்கை மாத்திட்டீங்கன்னா உடனே எடுத்துக்கிறேன்."

பாழாய்ப் போன பேக்கிங். அதற்காகத்தான் ஏப்ரல் கடைசியிலிருந்து செவ்வாய்தோறும் அரியமங்கலத்துக்குப் போய்வந்தார், காதர் பாய் பட்டறைக்கு. பாய்க்குச் செவ்வாய் ஒரு நாள்தான் ஒழியுமாம். காலை எட்டுக்குப் போனால் திரும்பப் பொழுது சாயும். "இந்தத் தடவையும் சரியா உக்காரலை" என்பார். பன்னிரண்டு வாரம். பாய்க்கும் சேர்த்துத் தயிர் சாதமும் மாவடுவும் கட்டிக் கொடுப்பேன். டிபன் பாக்ஸ் வழித்துத் துடைத்தாற்போல் வரும்.

நானே மாற்றிவிடுகிறேன் என்றேன். தையல் மெஷினை அக்கக்காகப் பிரித்துச் சேர்க்கிறவள். கல்யாணமான புதிதில் எஞ்சினைத் திறந்து வைத்து இது இன்னது என்று காட்டியவரும் அவரேதான்.

"நீ அதைத் தொடாதே வைதேகி. பாய்க்குச் சொல்லி அனுப்பறேன்."

"பாய் பாத்தது போதுங்க."

சிரிப்பார் என்று நினைத்தேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். வலி போலிருக்கிறது.

7-8-64, வெள்ளி

காற்று குறையவில்லை. தலைக்குக் குளித்தது வீண்.

தங்கராசு புது பேக்கிங் வாங்கி வந்து கொடுத்துவிட்டுப் போனான். தக்கையில் வெட்டியது, எஞ்சின் நீளத்துக்கு ஒரு சட்டம்போல. எண்ணெய்க் காகிதத்தில் சுற்றியிருந்தது. வளைத்துப் பார்க்கவே பயம்.

எடுத்து வைத்தது: ஸ்பானர் இரண்டு. பழைய பிளேடு. மண்ணெண்ணெய் ஒரு டம்ளர். கிழிந்த வேட்டி. சப்பாத்திக் கட்டை (சுத்தியலால் தட்டினால் தகடு நசுங்கும்).

அவர் மாவுக்கட்டைக் காட்டிவர ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். "நான் வந்தப்புறம் பாப்போம்" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டுத்தான் போனார். எனக்குப் பொறுமையில்லை. பானெட்டைத் தூக்கிக் கம்பு முட்டுக் கொடுத்தேன்.

கவரைப் பிடித்திருப்பது மேலே இரண்டே நட்டு. அசையவில்லை. மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவிட்டுத் துணியால் துடைத்தேன். அப்போதுதான் பார்த்தேன். நட்டின் மேலும் கவரின் மேலும் ஒரே பூச்சாகப் பச்சை பெயிண்ட். நட்டு கவரில் உட்காரும் இடத்தில் அந்த பெயிண்ட் கொஞ்சங்கூட விரிசல் விடவில்லை. அரக்கு வைத்து மூடியதுபோல.

ஸ்பானரைப் போட்டு முழு பலத்தோடு திருகினேன். பெயிண்ட் பொடியாக உதிர்ந்தது. முதல் தடவையாக, என் கையால்.

கட்டையால் நாலு பக்கமும் தட்டிக் கவரைத் தூக்கினேன். உள்ளே பழைய தக்கை கருகிய அடையாக ஒட்டிக்கிடந்தது. விரல் பட்டதும் தூள். இதை யாரும் பன்னிரண்டு தடவை மாற்றவில்லை. ஒரு தடவைகூட மாற்றவில்லை. நாங்கள் இந்த வண்டியை வாங்குவதற்கு முன்னாலிருந்தே இது இப்படியே இருந்திருக்கிறது.

முதலில் வந்தது பாய் மேல் கோபம். இந்த மனிதரை வெயிலில் உட்கார வைத்துவிட்டு, மாற்றினேன் மாற்றினேன் என்று ஏமாற்றியிருக்கிறானே!

அவர் வந்ததும் கவரைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினேன்.

"உங்களை நல்லா ஏமாத்தியிருக்காங்க. இதைத் திறக்கவே இல்லை. பாருங்க."

கவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "ஆமா. இருக்கும்" என்றார்.

அவ்வளவுதான். எப்போதும் இப்படிப்பட்டவர் இல்லை. டீக்கடையில் சர்க்கரை குறைந்தாலே சண்டைக்குப் போகிறவர்.

8-8-64, சனி

மு.ப. முழுக்க சுரண்டல். எஞ்சினுக்குள் தூள் விழாமல் வேட்டித் துணியை அடைத்துக்கொண்டு, பிளேடை ஏறக்குறையப் படுக்கவைத்து, கொஞ்சம் கொஞ்சமாக. இடது கட்டைவிரலில் வெட்டு. கவர் விளிம்பு ஒரு இடத்தில் வளைந்திருந்தது, பலகையில் வைத்துத் தட்டி நிமிர்த்தினேன். பசை தடவி, தக்கையை விளிம்போடு பொருத்தி, இறுக்கமாக நூல் சுற்றிக் காயவிட்டேன். ரவிக்கை ஓரத்துக்கு டேக் தையல் போட்டுப் பிடித்துவைப்பது போலத்தான். காய்ந்ததும் நூலை வெட்டி எடுத்துக் கவரை உட்கார வைத்தேன். இந்த நட்டு அரைச் சுற்று, அந்த நட்டு அரைச் சுற்று. ரொம்ப முறுக்கினால் தக்கை பிதுங்கிவிடும்.

அவர் கதவோரம் நாற்காலியில். முன்பானால், "அப்படி இல்லை, இப்படிப் பிடி" என்று உயிரை எடுத்திருப்பார்.

சாப்பாடானதும் பஸ் பிடித்து அரியமங்கலம் போனேன். அவரிடம் சொல்லவில்லை. பட்டறை வாசலில் லாரி ஒன்று முட்டுக் கொடுத்து நின்றது. அதன் அடியிலிருந்து காதர் பாய் வெளியே வந்தார். வெள்ளைத் தாடி, நெற்றியில் கிரீஸ்.

"வாங்க தாயி. கணேசன் தம்பிக்குக் கை எப்படியிருக்கு? கேள்விப்பட்டேன்."

நான் நலம் விசாரிக்க வரவில்லை. பேக்கிங் விஷயத்தைக் கேட்டேன். ஏப்ரல், மே, ஜூன், செவ்வாய்க்கிழமை, எல்லாவற்றையும் கொட்டினேன். பாய் கையைத் துடைத்தார், துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

"தாயி, பொங்கலுக்கு அப்புறம் உங்க வண்டி இந்தப் பக்கம் வரலை. செவ்வாக்கிழமை எனக்கு லீவு. மவ வீட்டுக்குப் போயிருவேன். அல்லா மேல ஆணையா."

அவர் ஆணையிட்டிருக்கவே வேண்டாம். அந்த முகத்தில் பொய் இல்லை. என் மேல் இரக்கம் இருந்தது, அதுதான் பொறுக்கவில்லை. டீ சொல்லட்டுமா என்றார். வேண்டாமென்று வந்துவிட்டேன்.

பஸ்ஸில் ஒரே யோசனை. பன்னிரண்டு டிபன் பாக்ஸ். யார் தின்றது?

9-8-64, ஞாயிறு

காற்றும் இல்லை, வெயிலும் இல்லை. மந்தாரம்.

ரசம் சாதம் ஊட்டினேன். இரண்டு பேரும் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டு. மூன்று கவளத்தில் போதும் என்றார். நானும் வற்புறுத்தவில்லை.

இன்னொருத்தி இருப்பாளோ? எழுதிப் பார்த்தால் அசிங்கமாக இருக்கிறது. ஆனால் வேறு என்ன? சட்டைகளை எடுத்து மோந்தேன். பெட்ரோல், வியர்வை, பீடி. வண்டியின் பின் சீட்டைத் தூக்கிப் பார்த்தேன். ஒரு முழம் துணிப் பட்டி, மஞ்சள் மருந்துக் கறையோடு. காயத்துக்குக் கட்டுகிற துணி. சவாரிக்காரர் யாராவது விட்டிருக்கலாம்.

கேட்டுவிடலாம். கேட்டு, ஆமென்றால்? எங்கே போவேன்? ஸ்ரீரங்கம் ஆற்றுக்கு அந்தப் பக்கம்தான். அப்பா இருக்கிறார், சித்திரை வீதியில், தனியாக. போஸ்ட்மாஸ்டர் வேலை பார்த்து ரிடையர் ஆனவர். அண்ணா கல்கத்தாவில், எட்டிப் பார்ப்பதில்லை. பதினோரு வருஷம் முன்னால், ஸ்ரீரங்கம் பஸ் ஓட்டிக்கொண்டிருந்த கணேசனைக் கல்யாணம் செய்துகொள்கிறேன் என்று அப்பாவிடம் சொன்னேன். வேறு ஜாதி, அதிலும் டிரைவர். அன்று என் பெட்டியை அவரே வாசலில் கொண்டுவந்து வைத்தார். பேச்சு அன்றோடு சரி.

அம்மா செத்துப்போனதற்குத் தந்திகூட இல்லை. ஒரு வாரம் கழித்து ஸ்டாண்டில் யாரோ சொல்லி இவர் வந்து சொன்னார். ஓடினேன். அப்பா நிலைப்படியில் நின்றுகொண்டு, "யாரைப் பார்க்கணும்?" என்று கேட்டார். என்னைத்தான்.

அந்த வீட்டுக்கு எப்படிப் போவேன்.

10-8-64, திங்கள்

காலை தங்கராசு. சும்மா நின்றதில் இறங்கிப்போன பேட்டரி சார்ஜாகி வந்தது. வண்டி ஒரே இழுப்பில் கிளம்பியது. அரைமணி நேரம் ஓடவிட்டுப் பார்த்தோம். கவர் ஓரம் சுற்றிலும் விரலால் தடவினான். சொட்டு எண்ணெய் இல்லை.

"பட்டறையிலகூட இப்படி உக்காராது அண்ணி."

அவர் உள்ளே படுத்திருந்தார். நான் தங்கராசுவை வேப்பமரத்துப் பக்கம் கூப்பிட்டேன். தெரிந்ததுபோல் கேட்டேன்.

"செவ்வாய்க்கிழமை சவாரி இப்ப என்ன ஆச்சு?"

அவன் வெள்ளந்தி. "அதான் அண்ணி எனக்கும் கவலை. அந்த ஸ்ரீரங்கத்துப் பெரியவர்தானே? கால்ல புண்ணு. சக்கர வியாதி. வாராவாரம் பெரியாஸ்பத்திரியில கட்டு மாத்தணும். அண்ணனுக்குக் கை போனதும் என்னைத்தான் போய்ச் சொல்லச் சொன்னாரு. வேற வண்டி கொண்டாரேன்னேன். கணேசன் வண்டின்னாத்தான் ஏறுவேன்னுட்டாரு."

"எந்த வீதி?"

"சித்திரை வீதி. போஸ்டாபீஸ்ல பெரிய வேலையில இருந்தவராம். அண்ணனை அவ்வளவு பிரியமா... உங்களுக்குத் தெரியும்ல?"

தெரியும் என்றேன். அவன் போன பிறகு வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இன்னொருத்தி இல்லை. அதற்குச் சந்தோஷப்பட வேண்டும். சந்தோஷம் வரவில்லை.

விளக்கு வைத்ததும் அவர் எதிரில் போய் உட்கார்ந்தேன்.

"அப்பாவுக்கு எந்தக் கால்?"

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "வலது."

பிறகு எல்லாம் வந்தது. நான் கேட்காததும் வந்தது.

"ஏப்ரல்ல ஒரு நாள், ஸ்ரீரங்கத்துல சவாரி இறக்கிட்டுத் திரும்பறேன். வீதியோரமா ஒருத்தர் சுவத்தைப் பிடிச்சுக்கிட்டுக் கையைக் காட்டினார். ஏறினார். பாலத்து மேல வந்தப்புறம்தான் கண்ணாடில முகத்தைப் பாத்தேன். அவரும் பாத்துட்டார்."

"அப்புறம்?"

"இறங்கிடுவார்னு நெனச்சேன். 'நேரே பாத்து ஓட்டு'ன்னார்."

அன்று திரும்பக் கொண்டுவிடும்போது, அடுத்த செவ்வாய் வா என்றாராம். அவளுக்குத் தெரியக் கூடாது, தெரிந்தால் ஏற மாட்டேன், கால் போனால் போகட்டும் என்றாராம்.

"என் பேரைச் சொன்னாரா?"

"இல்லை. 'அவளுக்கு'ன்னார்."

"அதை நீங்க ஒத்துக்கிட்டீங்க."

"கட்டு மாத்தலேன்னா காலை எடுத்துருவோம்னு டாக்டர் சொன்னார் வைதேகி. உங்கிட்ட சொன்னா நீ அன்னிக்கே ஓடுவே. அவர் ஏற மாட்டார். நான் என்ன செய்ய?"

நியாயம்தான். அவர் பக்கம் நியாயம் இருப்பதுதான் இன்னும் எரிச்சலாக இருக்கிறது.

"வழியில என்ன பேசிப்பீங்க?"

அதைக் கேட்டதும் முகம் மாறியது அவருக்கு. மலர்ந்துவிட்டது. ரேடியோ நியூஸ் பேசுவார்களாம். ஆற்றில் எவ்வளவு தண்ணீர் என்று பாலத்தில் ஒரு நிமிஷம் நிறுத்திப் பார்ப்பார்களாம். அப்பா பிளாஸ்க்கில் காபி கொண்டுவருவாராம், ஒரே மூடியில் இரண்டு பேரும் குடிப்பார்களாம். அன்று இவர் வந்து நின்ற வாசல் படியைத் தண்ணீர் விட்டுக் கழுவின அப்பா!

"என்னைப் பத்தி?"

"...ஒரு நாளும் பேசினதில்லை."

"தயிர் சாதம்?"

"அவர்தான் சாப்பிடுவார். மாவடுவை முதல்ல எடுத்துக்குவார். யார் பண்ணதுன்னு கேக்கலை. நானும் சொல்லலை."

இரண்டு ஆண்பிள்ளைகள், என் வண்டியில், என் கை சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டு, நான் இல்லாத ஒரு குடும்பம் நடத்தியிருக்கிறார்கள். நான் இங்கே மெஷின் மிதித்தபடி, ஐயோ பாவம், பட்டறையில் காய்கிறாரே என்று.

பிறகு ஒன்று உறைத்தது. ஜூலை 21, 28, ஆகஸ்ட் 4. மூன்று செவ்வாய்.

"மூணு வாரமாக் கட்டு மாத்தலை. அப்பவாவது சொல்லியிருக்கலாமே."

மாவுக்கட்டைத் தடவிக்கொண்டிருந்தார். அழுகிறார் என்று பிறகுதான் தெரிந்தது. நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன்.

நாளை செவ்வாய்.

11-8-64, செவ்வாய்

எட்டு மணிக்குத் தங்கராசு வந்தான். முன் சீட்டில் ஏறினேன். அவர் வாசல்வரை வந்தார். "நானும் வரட்டுமா?" வேண்டாம் என்றேன்.

ஆறு இரு கரையும் தொட்டு ஓடியது. பாலத்தில் தங்கராசு வேகத்தைக் குறைத்தான். நிறுத்த வேண்டாம், போ என்றேன்.

கதவைத் தட்டினேன். அப்பாவே வந்து திறந்தார். பாதியாக இளைத்திருக்கிறார். வேட்டி முழுக்கக் கசங்கல். புண் நாற்றம் வாசல்வரை. என்னைத் தாண்டி வண்டியைப் பார்த்தார்.

"அவன் வல்லையா?"

அந்த 'யாரைப் பார்க்கணும்?' கேள்விக்குப் பிறகு முதல் வார்த்தை.

"கை இன்னும் கட்டுலதான் இருக்கு. வண்டி வந்திருக்கோல்லியோ, ஏறுங்கோ."

"சொல்லிட்டானா?"

"அவர் சொல்லலை. நானே கண்டுபிடிச்சேன்."

உள்ளே திரும்பிப் போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். கதவைப் பிடித்தபடி குனிந்து காலைப் பார்த்தார். வலி ஜெயித்தது. நான் காட்டிய தோளை விட்டுவிட்டுத் தங்கராசு தோளைப் பிடித்துக்கொண்டு வாசல் படி இறங்கினார். பின் சீட்டில் காலை நீட்டி உட்கார்ந்தார். பழகின இடம்.

மறுபடி பாலம். நான் திரும்பாமலே கேட்டேன்.

"எங்கிட்ட ஏம்ப்பா சொல்லக் கூடாதுன்னேள்?"

"நீ அழுவே. அவன் வண்டி ஓட்டினான்."

நான் அழவில்லை. தங்கராசு ஹாரன் அடித்துக்கொண்டே போனான், முன்னால் யாரும் இல்லாதபோதும்.

ஆஸ்பத்திரியில் கட்டைப் பிரித்தார்கள். நான் பார்த்தேன். இரண்டு விரல் கறுத்துவிட்டது. டாக்டர் சின்ன வயது. "மூணு வாரம் முன்னாடி வந்திருந்தா..." என்று ஆரம்பித்து, அப்பா முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். இன்றே சேர்க்க வேண்டும். நாளை காலை இரண்டு விரலையும் எடுக்க வேண்டும். கால் தப்பித்துவிடும் என்கிறார். தப்பிக்கட்டும்.

நர்ஸ் ஆஸ்பத்திரியின் பழைய சீட்டை எடுத்து வந்தாள். உடன் வருபவர் என்ற இடத்தில் கணேசன். உறவு என்ற இடத்தில் மகன். அப்பா சொல்லித்தான் எழுதியிருப்பார்கள். மையெழுத்து, அழகாக.

"ஆபரேஷனுக்கு உங்க மகன் கையெழுத்துப் போடணும் தாத்தா. மூணு வாரமா ஆளையே காணோம்?"

"அவனுக்குக் கை ஒடஞ்சிருக்கு" என்றார் அப்பா. "வலது கை."

"அப்ப வேற யாரு போடறது?" என்னைப் பார்த்தாள். "நீங்க யாரும்மா?"

அவரே சொல்லட்டும் என்று நின்றேன். அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையால் துடைத்தார். மாட்டிக்கொண்டார். எதிர்ச் சுவரைப் பார்த்தார். வரிசையில் பின்னால் யாரோ இருமினார்கள்.

"கணேசனோட ஆம்படையாள்" என்றார்.

"ஓ, மருமகளா?" நர்ஸ் அப்படியே எழுதிக்கொண்டு, பேனாவை என் பக்கம் நீட்டினாள். "இங்க போடுங்க."

போட்டேன்.